ஒரு லட்சம் மைல் பயணம் செய்த தமிழர்

பயணம் போகிறவர்கள் படம் எடுப்பது இன்று ஒரு புதுமையே அல்ல. கைப்பேசி வைத்திருக்கும் எல்லாரும் புகைப்படக்காரர்கள்தாம். பேராக் மாநிலத்திற்குச் சுற்றுலா வருகிறவர்களில் பத்து காஜாவுக்கு அருகில் இருக்கும் கெல்லி மாளிகையின் முன் நின்று படம் எடுக்காமல் திரும்புபவர் குறைவு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926ஆம் ஆண்டு அவர் இறந்துபோனதால் பாதியில் நின்றுவிட்ட மாளிகை அது. அதைக் கட்டியவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோயிலின் மேற்பகுதியில் அந்த வெள்ளைக்காரருக்குக்கூட ஒரு சிலை இருக்கிறது. ஆனால் கல்லும் மண்ணும் சுமந்த அந்தத் தமிழர்களில் ஒருவருடைய முகமாவது நமக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வி எனக்குள் எழும்போதெல்லாம் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர்தாம் ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று போற்றப்படும் ஏ.கே. செட்டியார்.

எங்கள் ஈப்போவில் செட்டியார் என்றாலே பெரியவர்களுக்கு வட்டிக்கடையும் முருகன் கோயிலும்தாம் நினைவுக்கு வரும். கடல் கடந்து போய்ப் பணம் கொடுக்கல் வாங்கல் செய்வது அந்தச் சமூகத்தின் தொழில். ஏ.கே. செட்டியாரும் அதே சமூகத்தில், செட்டிநாட்டுக் கோட்டையூரில், 1911ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பிறந்தவர். கருப்பன் என்பது அவர் பெயர். அவரும் கடல் கடந்தார். ஆனால் அவர் கையில் பிடித்தது கணக்குப் பேரேடு அல்ல, பேனாவும் கேமராவும்தாம்.

இளம் வயதிலேயே பர்மாவுக்குச் சென்று, இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பிறகு ஜப்பானுக்குப் போய்த் தோக்கியோவில் புகைப்படக் கலை பயின்றார். அங்கிருந்து அமெரிக்கா சென்று நியூயார்க்கிலும் அக்கலையைக் கற்றுத் தேர்ந்தார். ஒரு தமிழ் இளைஞர் மருத்துவமோ சட்டமோ படிக்காமல் புகைப்படம் படிப்பதற்காக உலகின் இரண்டு மூலைகளுக்குப் போனார் என்பது இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. புகைப்படக் கலையை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கப் போகிறேன் என்று நம்மில் ஒருவர் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்!

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்றுகொண்டிருந்த ‘சமாரியா’ என்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்தார். அந்தக் கடற்பயணத்தில்தான் காந்தியடிகளின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை.

எண்ணம் எளிது, செயல் கடினம். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் போராடிய காலமும் தண்டி யாத்திரை சென்ற 1930ஆம் ஆண்டும் முடிந்து போனவை. முடிந்து போனதை இனி எப்படிப் படம் பிடிப்பது? செட்டியார் கண்ட வழிதான் அவரை மற்றப் புகைப்படக்காரர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. தாம் புதிதாக எடுப்பதோடு நிற்காமல், மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் புறப்பட்டார்.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், கண்டம் விட்டுக் கண்டம், ஒரு லட்சம் மைல் பயணம். முப்பது ஆண்டுக் காலத்தில் சுமார் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த காட்சிகளில் 50,000 அடி நீளச் சுருளைச் சேர்த்தார். அக்காலத்துச் சினிமாச் சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். சரியாகப் பாதுகாக்காவிட்டால் தானே சிதைந்துபோகும். போதாக்குறைக்கு 1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போரும் மூண்டது. அந்நிய ஆட்சியில் காந்தியைப் பற்றிய படத்திற்கு அரசாங்க உதவியை எதிர்பார்க்கவும் முடியாது. இத்தனைக்கும் இடையில் அவர் அந்த 50,000 அடியை 12,000 அடியாகத் தொகுத்தார். திரையில் ஓட்டினால் இரண்டு மணி நேரத்திற்கும் சற்று மேல். தமிழ் விளக்கவுரையுடன் ‘மகாத்மா காந்தி’ 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னையில் திரையிடப்பட்டது. பின்னர் இந்தியிலும் வந்தது. 1953ஆம் ஆண்டு ஆங்கில வடிவம் அமெரிக்காவில் திரையேறியது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் என்ன ஆயிற்று தெரியுமா? காணாமல் போயிற்று! தமிழ் மூலப்படி நெடுங்காலமாக எவர் கையிலும் கிடைக்கவில்லை. வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில், சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. தேடிச் சேர்த்தவரின் படத்தையே இன்னொருவர் தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

படத்தோடு செட்டியாரின் பணி முடியவில்லை. 1943ஆம் ஆண்டு ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கினார். பழைய இதழ்களில் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடி எடுத்து அதில் மறுபடியும் அச்சிட்டார். பழைய தமிழ்ப் பயணக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். கரிபியன் கடல் தீவுகளையும் கயானாவையும் பற்றித் தனி நூலே எழுதினார். நம் நாட்டின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய ‘மலேயா முதல் கனடா வரை’ என்ற நூலும் அவருடையதே. அவருடைய பயண நூல்களில் அலங்காரம் குறைவு. ‘நான்’ என்ற சொல் அதைவிடக் குறைவு. ஊரைக் காட்டுவார், மக்களைக் காட்டுவார். தாம் ஒதுங்கி நிற்பார். காந்தி படத்திற்காக அலைந்த கதையைக்கூடப் பல ஆண்டுகள் கழித்துத்தான் ‘குமரி மலரில்’ எழுதினார். அதுவே அவர் மறைவுக்குப் பின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாக வெளிவந்தது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார்.

நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன். வரலாறு என்றால் தேர்வுக்கு மனனம் செய்யும் ஆண்டுகள் என்றே நினைத்திருந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ கிடைத்த பிறகுதான், வரலாறு யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கக்கூடும் என்பது எனக்கு விளங்கியது.

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய குடும்பம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. லயங்கள் இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. என் கொள்ளுப்பாட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் உண்டு. 1948ஆம் ஆண்டு அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது மக்களுக்கு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்களே, அதில் ஒட்டுவதற்காக எடுத்த படம். காட்டுக்குள் இருந்தவர்களையும் தோட்டத்தில் இருந்தவர்களையும் பிரித்தறிய அரசாங்கம் எடுத்த படம் அது. அவருக்காக எடுத்தது அல்ல. ஆனாலும் அந்தச் சிறிய சதுரம் இல்லாவிட்டால் அவர் முகம் எனக்குத் தெரியாது.

பேராக்கின் தோட்டப்புறங்களை யாரும் படம் எடுக்கவில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அது முழு உண்மை அல்ல. திருமணப் படங்கள், திருவிழாப் படங்கள், தமிழ்ப்பள்ளி வகுப்புப் படங்கள், தொழிற்சங்கக் கூட்டப் படங்கள் எல்லாம் பிஸ்கட் டின்களிலும் பழைய சூட்கேசுகளிலும் கிடக்கின்றன. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம் என்று சொல்லக்கூடிய பாட்டிமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் படம் இருந்தும் பெயர் இருக்காது. பெயர் இல்லாத படத்தை வீடு மாறும்போது தூக்கி எறிந்துவிடுவார்கள்.

செட்டியார் ஒரு லட்சம் மைல் போனார். நமக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பழைய படம் ஒன்றை எடுத்து, அதில் இருப்பவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்போம். பிறகு கைப்பேசியில் இரு பக்கங்களையும் படியெடுத்து, உறவினர் இரண்டு மூன்று பேருக்கும் அனுப்பிவைப்போம். ஒரே இடத்தில் இருக்கும் படி தொலைந்துபோகும் என்பதற்குச் செட்டியாரின் படமே சான்று.