மின்னி போன பிறகு

1907-ல் லண்டனில், வசதியான ஒரு சர்ஜன் வீட்டில் பிறந்தார் ஜான் போல்பி. அம்மாவைப் பார்ப்பது சாயங்காலம் டீக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான். தூக்கி வளர்த்தது மின்னி என்ற ஆயா. அவருக்கு நாலு வயசு இருக்கும்போது மின்னி வேலையை விட்டுப் போயிட்டாங்க.

வளர்ந்து குழந்தைகள் மனநல டாக்டரானார். திருட்டுல மாட்டின 44 பிள்ளைகளைப் பற்றி 1944-ல் எழுதினார். அதில் 14 பேருக்கு யார் மேலயும் பாசமில்லை, செஞ்சதுக்கு வெட்கமும் இல்லை. அந்த 14-ல் 12 பேர் சின்ன வயசிலேயே அம்மாவை ரொம்ப நாள் பிரிஞ்சிருந்தவங்க. அடுத்தவங்க மேல பரிவு தானா வந்துடாது, முதலில் நமக்குக் கிடைக்கணும் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட விஷயம்.

44 பேர் ரொம்பக் கம்மி, பழியெல்லாம் அம்மா தலையிலா என்று பலர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், அம்மா இல்லைன்னா அந்த இடத்தில் நிலையா ஒருத்தர் இருந்தாலும் போதும் என்றார். அது மின்னிக்கும் பொருந்தும்.

1990-ல் இறந்தார். கைக்குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுதுன்னு நாம ஈஸியா சொல்லிடுறோம். வயசான பிறகும் அவர் மின்னியைப் பற்றிப் பேசினார், பெத்த தாயை இழந்த மாதிரி.