பறவைகளில் நாட்டின் அடையாளத்தைக் கண்ட மா. கிருஷ்ணன்

புது தில்லி: தெற்கு தில்லியின் சரோஜினி நகரில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டத்துக்காக மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, 2018 ஜூன் மாதம் பொதுமக்கள் வீதியில் இறங்கினர். சிலர் மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். சரோஜினி நகர், நேதாஜி நகர், நெளரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளில் சுமார் 16,500 மரங்கள் வீழ்த்தப்படும் என்று வெளியான தகவல் தலைநகரை உலுக்கியது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்தை எட்டியது. மரம் வெட்டும் பணி நிறுத்தப்பட்டது. பின்னர் திட்டத்தை மாற்றியமைப்பதாக மத்திய அரசு அறிவித்தது.

வெட்டப்படும் ஒரு மரத்துக்குப் பதிலாகப் பத்துக் கன்றுகளை நட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடுமா என்பதே அப்போராட்டத்தின் மையக் கேள்வி. இதே கேள்வியை வேறு வடிவங்களில், அரை நூற்றாண்டுக் காலம் ஓயாமல் எழுப்பி வந்தவர் ஒரு தமிழர். பறவைகளையும் விலங்குகளையும் கூர்ந்து பார்ப்பதையும் படம் பிடிப்பதையுமே வாழ்வாகக் கொண்டவர். இயற்கையியல் எழுத்தாளரும் புகைப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன்தான் அவர்.

மாதவையாவின் மகன்

1912 ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திர'த்தின் ஆசிரியர் அ. மாதவையாவின் எட்டுக் குழந்தைகளில் கடைசிப் பிள்ளை. ஆங்கில அரசின் உப்புத் துறையில் பணியாற்றிய மாதவையா, ஓய்வுக்குப் பின் சென்னை மயிலாப்பூரில் குடியேறி, 'பஞ்சாமிர்தம்' என்ற இதழை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1925 அக்டோபரில் செனட் கூட்டத்தில் வாதிட்டுப் பேசி முடித்தவர், அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அல்ல. வீடுகளுக்கு அப்பால் புதர்க்காடுகள் பரந்து கிடந்தன. பறவைகளும் நரிகளும் கண்ணில் படும் தொலைவிலேயே வாழ்ந்தன. சிறுவனுக்குக் கிடைத்த முதல் பாடசாலை அதுதான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த பின், மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதிய பேராசிரியர் ஃபைசன் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அவருடன் மலைகளில் நடந்து திரிந்த பயணங்களே, ஓர் உயிரை அது வாழும் இடத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தைக் கிருஷ்ணனிடம் ஏற்படுத்தின.

தாவரவியலில் பட்டம் பெற்றவர், சட்டமும் படித்தார். ஆனாலும் நிலையான வேலை எளிதில் அமையவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியும் படங்கள் வரைந்தும் காலம் தள்ளினார். 1942-இல், இன்றைய கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் சந்தூர்க் காடுகளில் கழிந்தது. 1949-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபோது அரசுப் பணியில் தொடரும் வாய்ப்பு இருந்தும், அதை மறுத்துச் சென்னைக்குத் திரும்பினார். எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது அன்று துணிச்சலான முடிவு.

46 ஆண்டுகள் ஓயாத பத்தி

1950-ஆம் ஆண்டு, கொல்கத்தாவிலும் தில்லியிலும் வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இயற்கை குறித்த பத்தி ஒன்றை எழுதத் தொடங்கினார். அது 1996 வரை, 46 ஆண்டுகள் தொடர்ந்தது. அப்பத்திக்குத் தேவையான கோட்டோவியங்களையும் அவரே வரைந்தார்.

தில்லியைப் பொருத்தவரை, 1950 மற்றொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. தில்லிப் பறவை நோக்கர் சங்கம் தொடங்கப்பட்டது அந்த ஆண்டில்தான். காந்தியடிகளின் நண்பரான ஆங்கிலேயர் ஹோரேஸ் அலெக்சாண்டர் அதை நிறுவியவர்களில் ஒருவர். இந்திரா காந்தியும் அதில் பங்கு கொண்டார். அக்காலத்தில் பறவை நோக்குதல் என்பது பெரும்பாலும் உயர் அதிகாரிகள், தூதர்கள், வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே இருந்தது. தொலைநோக்கியும் புகைப்படக் கருவியும் சாமானியருக்கு எட்டாத பொருள்கள்.

கிருஷ்ணனின் பத்தி இந்த எல்லையைத் தாண்டியது. புலியையும் யானையையும் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காகம், மைனா, குயில், அணில், வீட்டுப் பல்லி ஆகியவற்றையும் எழுதினார். பறவையைப் பார்ப்பதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டின் பின்கட்டே போதும் என்பதை அக்கட்டுரைகள் உணர்த்தின. 1961-இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் தலைப்பே காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது குறிப்பிடத்தக்கது. அரசு ஊழியர் குடியிருப்பின் ஜன்னலோரம் வந்தமரும் பறவையும் நாட்டின் வனவிலங்குச் செல்வத்தில் அடக்கம் என்ற எண்ணம் இப்படித்தான் படித்தவர்களிடையே பரவியது.

கறுப்பு வெள்ளைப் படங்கள்

புகைப்படத்தில் கிருஷ்ணன் தமக்கெனத் தனி நெறி வகுத்துக்கொண்டவர். வண்ணப் படங்கள் பரவலான பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே ஒரு கனத்த கேமராவை உருவாக்கி, அதற்கு வேடிக்கையாக ஒரு பெயரும் சூட்டியிருந்தார். காட்டில் நடந்தும் வளர்ப்பு யானையின் மீது அமர்ந்தும் படம் எடுத்தார். படச்சுருளைத் தாமே கழுவி அச்சிட்டார்.

அழகான காட்சியைக் காட்டிலும், உயிரினம் ஒன்று தன் இருப்பிடத்தில் இயல்பாக என்ன செய்கிறது என்பதற்கான சான்றாகவே படத்தை அவர் கருதினார். மணிக்கணக்கான பொறுமையும் விலங்கின் போக்கு பற்றிய அறிவும் இல்லாமல் இத்தகைய படம் வாய்க்காது. அவரது படங்கள் இன்றும் ஆய்வாளர்களால் மதிக்கப்படுவதற்கு இதுவே காரணம். 1968-இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையைக் கொண்டு, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரும் பாலூட்டிகளைப் பற்றி விரிவான கள ஆய்வு மேற்கொண்டார். அதன் முடிவுகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-இல் நூலாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

குழுவுக்குள் இருந்தே எதிர்ப்பு

இந்திய வனவிலங்கு வாரியத்திலும், 1973-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் கிருஷ்ணன் இடம்பெற்றிருந்தார். எனினும் அரசின் குழுவில் இருப்பதற்காக அரசின் கொள்கையை ஆதரிக்க வேண்டும் என்று அவர் எண்ணியதில்லை. காடுகளை மூழ்கடிக்கும் நீர்மின் திட்டங்களையும், காட்டுக்குள் கட்டுப்பாடின்றிக் கால்நடைகள் மேய்வதையும், இயற்கைக் காடுகளை அழித்து அயல்நாட்டு மரங்களை வளர்ப்பதையும் கடுமையாக விமர்சித்தார்.

ஒரு நாட்டின் அடையாளம், காலத்துக்கேற்ப மாறிவரும் மனிதப் பண்பாட்டைக் காட்டிலும், அதன் நிலத்தோற்றத்திலும் மண்ணுக்குரிய தாவரங்களிலும் விலங்குகளிலுமே நிலைத்திருக்கிறது என்பது அவரது அடிப்படைக் கொள்கை. எனவே அயல் மரங்களை நட்டுப் பசுமையைப் பெருக்குவது பாதுகாப்பு ஆகாது என்றார். மனிதக் குறுக்கீட்டைத் தவிர்த்தால் இயற்கை தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் என்றும் வாதிட்டார். மரம் நடு விழாக்கள் அரசியல் சடங்குகளாக இருந்த காலத்தில் இக்கருத்து பலருக்கும் உவப்பானதாக இல்லை. அவர் பொருட்படுத்தவும் இல்லை.

தேசியப் பறவை

நாட்டின் அடையாளம் பற்றிய விவாதம், தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும்போது நேரடியாகவே எழுந்தது. 1960-இல் உதகமண்டலத்தில் கூடிய இந்திய வனவிலங்கு வாரியம் இது குறித்து ஆலோசித்தது. நாடெங்கும் காணப்பட வேண்டும். சாமானியரும் அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும். மக்களின் கதைகளிலும் கலைகளிலும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பன போன்ற அளவுகோல்கள் முன்வைக்கப்பட்டன. சாரசக் கொக்கு, கருடன், அன்னம், கானமயில் ஆகியவையும் பரிசீலனையில் இருந்தன. இந்த வரலாற்றை 1961 டிசம்பரில் 'தி ஹிந்து' நாளிதழில் கட்டுரையாகப் பதிவு செய்தவர் கிருஷ்ணன். 1963-இல் மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது.

அழியும் நிலையில் இருந்த கானமயிலுக்கே அப்பெருமை வழங்கப்பட வேண்டும் என்பது பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் விருப்பம். அது ஏற்கப்படவில்லை. இன்று உலகில் எஞ்சியுள்ள கானமயில்கள் இருநூறுக்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. ராஜஸ்தானில் உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி அவை இறப்பது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

தமிழுக்குச் செய்த பணி

பெரியசாமித் தூரன் தலைமையில் உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் உயிரினங்கள் பற்றிய கட்டுரைகளை எழுதியவர்களுள் கிருஷ்ணனும் ஒருவர். பழந்தமிழ் இலக்கியத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்த அவர், எளிய, சரியான தமிழில் இயற்கை அறிவியலை எழுத முடியும் என்பதை நிறுவினார். அவரது தமிழ்க் கட்டுரைகளைச் சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்தார். பட்டப்படிப்பில் தமிழுக்காக வாதிட்டு மறைந்த தந்தையின் கனவை, மகன் தமது துறையில் இவ்வாறு நிறைவேற்றினார் எனலாம்.

1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு தனது 'குளோபல் 500' கௌரவத்தை அவருக்கு அளித்தது. 1996 பிப்ரவரி 18-ஆம் தேதி, தமது 83-ஆவது வயதில் சென்னையில் கிருஷ்ணன் காலமானார். அவரது கடைசிப் பத்தி அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் வெளியாகியிருந்தது. அவரது ஆங்கிலக் கட்டுரைகளை வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 2000-இல் தொகுத்து வெளியிட்டார். நூற்றாண்டு ஆண்டான 2012-இல் பறவைகள் பற்றிய கட்டுரைகள் தனி நூலாயின.

மீண்டும் சரோஜினி நகர்

கவிக்குயில் என்று போற்றப்பட்ட சரோஜினி நாயுடுவின் பெயரைத் தாங்கிய இக்குடியிருப்புக்கு முன்னர் வினய் நகர் என்று பெயர். சுதந்திரத்துக்குப் பின் அரசு ஊழியர்களுக்காக உருவானது. தமிழ்நாட்டிலிருந்து பணி நிமித்தம் வந்த பல குடும்பங்களின் இரண்டாம் ஊராகவும் விளங்கியது. தாழ்ந்த கட்டடங்களுக்கு இடையே வேம்பும் நாவலும் அரசும் அரை நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்து நின்றன.

தில்லியின் இத்தகைய பழைய மரங்களை நம்பி வாழ்வது சாம்பல் இருவாச்சி. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பறவை சிறு இடைவெளி வழியே ஆல், அரச மரப் பழங்களைக் கொண்டுவந்து ஊட்டும். புள்ளி ஆந்தைக்கும் பொந்து வேண்டும். குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்து கூடு அமைக்கும். இன்று நடப்படும் பத்துக் கன்றுகளில் எதிலும் பொந்து இல்லை; பழமும் இல்லை. அவை வளர்வதற்குள் பல தலைமுறைப் பறவைகள் கூடின்றிப் போய்விடும். அயல் மரக் கன்றுகளாயின் வளர்ந்த பின்னும் பயன் குறைவே.

இந்த வேறுபாடு கோப்புகளில் தெரிவதில்லை. மரத்தடியில் நின்று பார்ப்பவருக்கே தெரியும். இன்று கைபேசியிலேயே கேமரா வந்துவிட்டது. பறவைகளைப் படம் பிடிப்போர் பல்லாயிரம் பேர். மரத்தின் மீதிருக்கும் பறவையைப் பார்த்தவர், அந்த மரத்தின் கதியைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பதே கிருஷ்ணனின் வாழ்வு விட்டுச் சென்ற செய்தி. 2018 ஜூன் மாதத்தில் சரோஜினி நகர் மக்கள் அவ்வாறு கேட்டனர். ஏழு குடியிருப்புகளுக்கான திட்டத்தையே மீண்டும் பரிசீலிக்க வைத்தது அந்தக் கேள்விதான்.