கப்பலுக்குக் கோடு கிழித்த சாமுவேல் பிளிம்சால்

ஜார்ஜ்டவுன் - பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் தீவுக்கு வருகிறவர்கள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்துக் கடலைப் பார்த்தால், துறைமுகப் பக்கம் நிற்கும் சரக்குக் கப்பல்களின் உடலில் ஒரு குறி தெரியும். கப்பலின் நீளத்துக்கு நடுவே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு வட்டம். அதை வெட்டிச் செல்லும் ஒரு குறுக்குக்கோடு. பக்கத்தில் ஏணிப்படி போல் சில சிறு கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து.

கப்பலில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதற்கான எல்லை அது. அனுமதிக்கப்பட்ட கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்றக் கூடாது. தொங்கான்களில் மூட்டை சுமந்த பழைய பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் அந்த வட்டத்தை நாள்தோறும் பார்த்தவர்கள். ஆனால் அதன் பின்னால் இருக்கும் மனிதர் கப்பல்காரரும் இல்லை, மாலுமியும் இல்லை. வாழ்க்கையில் ஒருமுறை நொடித்துப்போன ஒரு நிலக்கரி வியாபாரி.

சாமுவேல் பிளிம்சால் 1824 பிப்ரவரி 10ஆம் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தந்தை சுங்கவரி அலுவலர். வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானமோ குறைவு. குடும்பம் ஊர் மாறி ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்தது. பிளிம்சால் இளவயதிலேயே எழுத்தர் வேலைக்குப் போனார். பிறகு ஒரு மதுபான ஆலையில் கணக்கெழுதி, படிப்படியாக அதன் மேலாளரானார். அத்துடன் நின்றிருந்தால் அவர் பெயர் ஷெஃபீல்டைத் தாண்டியிருக்காது.

1853இல் லண்டனுக்குப் போய் நிலக்கரி வியாபாரத்தில் இறங்கினார். அது படுத்துவிட்டது. கையில் காசில்லாமல், ஏழைத் தொழிலாளர்கள் தங்கும் மலிவு விடுதியில் வாரத்துக்குச் சில ஷில்லிங் செலவில் நாட்களைக் கடத்தினார். வேலை தேடி அலைகிறவர்கள், கூலி வேலைக்காரர்கள், உடல் நோவோடு படுத்திருப்பவர்கள் எனப் பலரோடும் ஒன்றாக உண்டு உறங்கினார். அந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டிய பரிவைத் தாம் மறக்கவில்லை என்று பின்னாளில் எழுதினார். வியாபாரம் மீண்டும் கைகூடி வசதி வந்த பிறகும், அந்த விடுதி நாட்கள் அவரை விட்டுப் போகவில்லை. பின்னாளில் நாடாளுமன்றத்தில் அவர் காட்டிய கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கப்பல் தொழிலில் ஒரு கொடுமை நடந்துவந்தது. பழுதடைந்த கப்பலை மலிவாக வாங்குவார்கள். வண்ணம் பூசி, சில வேளைகளில் பெயரையும் மாற்றுவார்கள். மதிப்புக்கு மேல் காப்புறுதி எடுத்து, கடல்நீர் மேல்தளத்தைத் தொடும் அளவுக்குச் சரக்கு ஏற்றி அனுப்புவார்கள். கப்பல் கரை சேர்ந்தால் கொள்ளை லாபம். மூழ்கினால் காப்புறுதிப் பணம். இரண்டில் எது நடந்தாலும் முதலாளிக்கு நட்டமில்லை. நட்டப்பட்டவர்கள் மாலுமிகளும் அவர்களுடைய குடும்பங்களும்தான். மக்கள் இவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தார்கள்.

1866 ஜனவரியில் மெல்பர்னுக்குப் புறப்பட்ட 'லண்டன்' என்ற நீராவிக் கப்பல் பிஸ்கே விரிகுடாப் புயலில் மூழ்கியது. இரும்பும் நிலக்கரியுமாக அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தது. சுமார் 220 பேர் மாண்டார்கள். ஒரே ஒரு படகில் 19 பேர் தப்பினார்கள். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. சட்டம் மட்டும் அசையவில்லை.

கப்பலின் நிலையைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்த மாலுமியின் கதி அதைவிட மோசம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பின் ஏற மறுத்தால் சிறை. 1870களின் தொடக்கத்தில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் சிறைக்குப் போனார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய கதையாக இருக்காது. இங்கே சஞ்சிக் கூலியாக வந்த நம் முன்னோர் ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடினாலும் சிறைதான் காத்திருந்தது. மலாயாவில் அந்த முறை ஒழிய 1910 வரை ஆயிற்று. கடலிலும் கரையிலும் சாம்ராஜ்யத்தின் சட்டம் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டிருந்தது.

பிளிம்சால் 1868இல் டெர்பி தொகுதியில் லிபரல் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். கப்பல் பிரச்சினையை முதலில் கையில் எடுத்தவர் அவரல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைன் நதிக்கரையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி, தாமும் முதலாளியாக இருந்துகொண்டே, கப்பல்களுக்குச் சுமை எல்லையும் கட்டாயப் பரிசோதனையும் வேண்டும் என்று அதற்கு முன்பே வாதாடிவந்தார். ஹால் இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டார். அவர் கிளப்பிய பிரச்சினையை வீடுதோறும் கொண்டு சேர்த்ததுதான் பிளிம்சாலின் பங்கு.

1873இல் அவர் எழுதிய 'நமது மாலுமிகள்' என்ற நூல் வெளிவந்தது. மனைவி எலைசா இந்தப் போராட்டத்தில் அவருக்கு உற்ற துணை. நூல் அவசரமாக எழுதப்பட்டது. சில இடங்களில் கேள்விப்பட்டதையும் சரிபார்க்காமல் சேர்த்துவிட்டார். அதனால் முதலாளிகள் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். அவருக்குப் பணமும் நிம்மதியும் போயின. ஆனால் நூலின் அடிப்படை உண்மையை யாராலும் மறுக்க முடியவில்லை. அதே ஆண்டில் அரசு விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது.

1875 ஜூலை 22. கப்பல் பாதுகாப்பு மசோதாவை அந்தக் கூட்டத்தொடரில் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். அடுத்த குளிர்காலப் புயல்களுக்குள் இன்னும் எத்தனை பேர் சாவார்கள் என்பது பிளிம்சாலுக்குத் தெரியும். எழுந்தார், கொதித்தார், முஷ்டியை உயர்த்தினார். கப்பல் முதலாளிகளாக இருந்த சக உறுப்பினர்களை அயோக்கியர்கள் என்று சபையிலேயே வசைபாடினார். சொன்னதைத் திரும்பப் பெறச் சபாநாயகர் கேட்டும் மறுத்தார். வெளியேற வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, பயன்படுத்திய வார்த்தைகளுக்கு மன்னிப்புக் கேட்டார். சொன்ன விவரங்களில் ஒன்றைக்கூட வாபஸ் வாங்கவில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன, பத்திரிகைகள் பொங்கின. கைவிட்ட விஷயத்தை அரசே அவசர அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டமாக நிறைவேற்றியது. மறு ஆண்டு, 1876இல், நிரந்தரச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் பக்கவாட்டில் சுமைக்கோடு கட்டாயமானது. தானியத்தை மூட்டையில் கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றுவதற்கும், குளிர்காலத்தில் மேல்தளத்தில் மரம் அடுக்குவதற்கும் இந்தச் சட்டங்கள் வழியாகக் கட்டுப்பாடுகள் வந்தன.

வென்றாயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கோட்டை எந்த உயரத்தில் போட வேண்டும் என்பதைச் சட்டம் கப்பல் முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது! கார்டிஃப் துறைமுகத்தில் ஒரு கப்பித்தான் அந்தக் கோட்டைப் புகைபோக்கியில் வரைந்தார் என்று மாலுமிகள் கதை சொல்வார்கள். கோட்டின் உயரத்தை அரசு விதிப்படிதான் குறிக்க வேண்டும் என்ற சட்டம் 1890இல்தான் வந்தது. இடையில் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தக் கோடு எப்படி உயிரைக் காக்கிறது? கப்பலின் மேல்தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் மிச்சமிருக்கும் உயரம்தான் அதன் கையிருப்பு. பெரிய அலை வந்து கப்பலை அழுத்தும்போது, சாயும்போது, கொஞ்சம் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்போது, மூழ்காமல் தாங்குவது அந்த மிச்சம்தான். அதையும் சரக்குக்குக் கொடுத்துவிட்டால் கப்பலிடம் வேறு எதுவும் இல்லை.

ஏணிப்படி போன்ற சிறு கோடுகளுக்கும் பொருள் உண்டு. 'எஸ்' என்பது கோடைக்காலம். 'டபிள்யூ' குளிர்காலம், இந்தக் கோடு கீழே இருக்கும், அதாவது குறைவாகவே ஏற்றலாம். 'டி' என்பது வெப்பமண்டலம், கொஞ்சம் கூடுதலாக ஏற்றலாம். கடல் சீற்றம் குறைந்த பகுதி என்பதே காரணம். பினாங்கு ஆண்டு முழுவதும் 'டி' மண்டலத்தில் இருக்கிறது. சென்னை அப்படியில்லை. வங்காள விரிகுடா டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் வெப்பமண்டலக் கணக்கில் சேரும். மே முதல் நவம்பர் வரை, புயலும் பருவக்காற்றும் வீசும் மாதங்களில், 'எஸ்' கோடுதான். ஆகவே ஜூலையில் இங்கிருந்து சென்னைக்குப் போகும் கப்பல், பினாங்கில் 'டி' வரை இடம் இருக்கிறதே என்று ஏற்றிவிட முடியாது. போகிற வழியையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதைத்தான் கோடு சொல்லும். எப்படி அடுக்குவது என்பது தனி வித்தை. பினாங்கின் பழைய ஏற்றுமதிச் சரக்குகளே இதற்கு நல்ல பாடம். பட்டர்வொர்த்திலும் டத்தோ கிராமாட் சாலையிலும் இருந்த உருக்காலைகளிலிருந்து வந்த ஈயக்கட்டி சிறிய இடத்தில் பெரும் பாரம். தோட்டங்களிலிருந்து வந்த ரப்பர் பேல் பெரிய இடத்தை அடைக்கும், பாரமோ குறைவு. பாரத்தைக் கீழே வைக்க வேண்டும் என்பது தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். செம்பனைக் குலையை உச்சி வரை குவித்த லோரி வளைவில் எப்படி ஆடும் என்பதைத் தோட்டத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் எல்லா ஈயத்தையும் அடித்தளத்திலேயே இறக்கினாலும் ஆபத்துதான். அப்படிப்பட்ட கப்பல் சாய்ந்தால் வெடுக்கென்று நிமிரும், மறுபக்கம் சாயும், மறுபடி வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலில் கட்டிய கயிறுகள் அறுந்து சரக்கு இடம் பெயரும். அதனால் பாரத்தில் ஒரு பங்கை நடுத்தளத்திலும் பிரித்து வைப்பார்கள். ரப்பர் பேல்கள் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெள்ளைத் தூள் தூவி அடுக்குவார்கள். கிடங்குக்குள் இறங்கி இந்த வேலைகளைச் செய்த கைகளின் பெயர் எந்தச் சட்டத்திலும் இல்லை.

ரப்பர் என்றதும் இன்னொரு சேதி. ரப்பர் அடிப்பாகம் வைத்த கான்வாஸ் சப்பாத்துக்கு இங்கிலாந்தில் பிளிம்சால் என்றே பெயர். துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் ஓடிய பட்டை கப்பல் கோட்டைப் போலிருந்ததால், 1870களில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களே இல்லாத காலம் அது.

பிளிம்சால் 1880 தேர்தலிலும் டெர்பியில் வென்றார். ஆனால் புதிய உள்துறை அமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் தம் தொகுதியை இழந்துவிட, தம்முடைய இடத்தை அவருக்கே விட்டுக்கொடுத்தார். அமைச்சரவையில் இருப்பவர் மாலுமிகளுக்குத் தம்மைவிட அதிகம் செய்ய முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அவரும் மீண்டும் நாடாளுமன்றம் செல்லவில்லை. 1882இல் எலைசா காலமானார். பின்னர் மறுமணம் செய்துகொண்ட பிளிம்சால், மாலுமிகள் சங்கத்தின் கௌரவத் தலைவராக இருந்தார். கால்நடைகளைக் கப்பலில் திணித்து அனுப்பும் கொடுமையைப் பற்றி 1890இல் ஒரு நூல் எழுதினார். 1898 ஜூன் 3ஆம் தேதி ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அருகிலுள்ள செரிட்டன் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் காத்த மாலுமிகள் வரிசையில் எல்லாரும் சமமாக இருந்ததில்லை. அதே பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய லஸ்கர்களுக்குக் கூலியும் குறைவு, படுக்க இடமும் குறைவு. பிளிம்சால் தலைமை தாங்கிய சங்கமே அவர் மறைவுக்குப் பின் ஆசிய மாலுமிகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்தது. கோடு மட்டும் நிறம் பார்க்கவில்லை. கப்பல் மூழ்காமல் இருந்தால் லஸ்கரும் பிழைத்தான்.

அமெரிக்காவில் அப்போதும் இப்படியொரு சட்டம் இல்லை. 1928 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து அதிகப் பாரத்தோடு புறப்பட்ட 'வெஸ்ட்ரிஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே அமெரிக்கா சட்டம் இயற்றியது. லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் பிளிம்சாலுக்கு மாலுமிகள் சங்கம் நினைவுச்சின்னம் எழுப்பியதும் அதே 1929இல்தான். 1930இல் சுமைக்கோடு பல நாடுகளின் பொது ஒப்பந்தமானது; 1966இல் திருத்தி எழுதப்பட்ட ஒப்பந்தமே இன்றும் நடப்பில் உள்ளது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர்களைப் பினாங்குக்கு ஏற்றி வந்து, 1973இல் ஓய்ந்த 'ரஜூலா' கப்பலுக்கும் இந்த விதிதான்.

இப்போது சரக்கு பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டியின் எடையைக் குறைத்துச் சொன்னால் அடுக்கும் கணக்கே பொய்யாகிவிடும் என்பதால், 2016 ஜூலை 1 முதல் ஒவ்வொரு கண்டெய்னரையும் எடை சரிபார்த்த பிறகே கப்பலில் ஏற்ற வேண்டும் என்பது உலக விதி. பட்டர்வொர்த் முனையத்திலும் அதுவே நடைமுறை. பெட்டிகள் ஏற ஏறக் கப்பலின் உடல் மெல்ல இறங்கும். ஃபெர்ரியிலிருந்து பார்க்கும்போது வட்டம் நீருக்கு வெகு மேலே தெரிந்தால், அந்தக் கப்பலில் ஏற்ற இன்னும் இடம் இருக்கிறது.