அந்நியனின் அச்சத்தைத் திரையில் பதித்த பாஸ்பிண்டர்

தன் மக்களின் பெருமையைப் பாடும் கலைஞர்கள் எந்நாட்டிலும் உளர். அவர்களது சிறுமையை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துக்காட்டும் துணிவு சிலருக்கே வாய்க்கிறது. மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்றிலும் அப்பணியைச் செய்தவர் மேற்கு ஜேர்மனிய இயக்குநர் றெயினர் வேர்ணர் பாஸ்பிண்டர்.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் ஓய்ந்து சில வாரங்களில், 1945 மே 31 ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் மொழிபெயர்ப்பாளர். சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். பேர்லின் திரைப்படக் கல்லூரி அவரை ஏற்க மறுத்தது. மனந்தளராது மியூனிக் நகரின் சிறு நாடக அரங்கொன்றில் இணைந்த அவர், 1968 இல் தமது நண்பர்களுடன் 'அன்டிதியேட்டர்' என்னும் குழுவை அமைத்தார். அக்குழுவினரே பின்னர் அவரது படங்களின் நடிகர்களாகவும் தொழில்நுட்பக் கலைஞர்களாகவும் விளங்கினர்.

தாம் எழுதிய நாடகமொன்றை 1969 இல் 'கட்சல்மாகர்' என்ற படமாக்கினார். வேலை தேடி வந்த கிரேக்கத் தொழிலாளியை ஊர் இளைஞர்கள் வெறுத்துத் தாக்குவதே அதன் கதை. அத்தொழிலாளியாக அவரே நடித்தார்.

1974 இல் வெளிவந்த 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. ஜேர்மனிய விதவையான ஒரு துப்புரவுத் தொழிலாளி, தன்னிலும் மிக இளையவரான மொரோக்கோ முஸ்லிம் தொழிலாளியை மணக்கிறார். பிள்ளைகள் வெறுக்கின்றனர், கடைக்காரர் பொருள் தர மறுக்கிறார். பின்னர் தத்தம் தேவைகளுக்காக அவர்களே நெருங்கி வருகின்றனர். அப்போது அம்மனைவியே கணவரைக் காட்சிப் பொருளாக நடத்தத் தொடங்குகிறார். ஈற்றில் அத்தொழிலாளி வயிற்றுப்புண்ணால் சரிந்து வீழ்கிறார். அந்நியத் தொழிலாளர் பலருக்கு மனவழுத்தத்தால் ஏற்படும் நோய் அதுவென மருத்துவர் விளக்குகிறார். படத்தின் ஜேர்மன் தலைப்பும் இலக்கணம் பிழைத்த, புலம்பெயர்ந்தவரின் மொழியிலேயே அமைந்தது.

தொழிலாளர் குடும்பமொன்றின் கதையை 1972 இல் தொலைக்காட்சித் தொடராக்கிய பாஸ்பிண்டர், அல்பிரட் டொப்ளினின் 'பேர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' நாவலை 1980 இல் 14 பாகங்களாக வழங்கினார். சுமார் 13 ஆண்டுகளில் 40 இற்கும் மேற்பட்ட படைப்புகளை உருவாக்கினார். 1982 இல் பேர்லின் விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜூன் 10 ஆம் திகதி, போதைப்பொருளும் தூக்க மாத்திரைகளும் சேர்ந்து, 37 வயதிலேயே அவரது உயிரைப் பறித்தன.

அவர் குறைகளற்றவர் அல்லர். உடன் பணியாற்றியோரைக் கடுமையாக நடத்தினார். அவரது நாடகமொன்று யூதர்களை இழிவுபடுத்துவதாகக் குற்றஞ்சாட்டிய பிராங்பேர்ட் யூத சமூகத்தினர், 1985 இல் மேடையேறி அதன் அரங்கேற்றத்தைத் தடுத்தனர். அந்நியரின் வலியைப் பேசிய கலைஞனாலும் மற்றொரு சமூகத்தின் காயத்தைக் கீறிவிட முடியும் என்பதை இது உணர்த்துகிறது.

1980 களில் எம்மவர் பலர் அகதிகளாக ஜேர்மனி சென்று, அந்தக் குலைந்த ஜேர்மன் மொழியையே பேசி வாழ்வைத் தொடங்கினர். அவர்கள் பட்ட அவமதிப்பை நாம் நன்கறிவோம். ஆயினும் எமது தெருவுக்கும் எமது கடைக்கும் வரும் வேற்றுச் சமூகத்தவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? பாஸ்பிண்டரின் படங்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி அதுவே. அதற்கு நேர்மையாகப் பதிலளிக்க வேண்டியது எமது கடமையாகும்.