உதைபந்தாட்ட ஆசான் சையது அப்துல் ரகீம்

ஒரு கல்லூரியின் கல்வித் தரத்தைப் பரீட்சைப் பெறுபேறுகள் காட்டும். அதன் பண்பை விளையாட்டு மைதானம் காட்டும். பழைய மாணவர் இருவர் எங்கே சந்தித்தாலும், ஆசிரியப் பெருமக்களின் சுகநலம் விசாரித்து முடிந்தவுடன் பேச்சு மைதானத்தை நோக்கித் திரும்புதல் இயல்பு. இவ்வாண்டு அணியைப் பயிற்றுவிப்பவர் யார், அயற் பாடசாலையில் உள்ள நல்ல ஆட்டக்காரனை இங்கே சேர்த்துக் கொள்ளுதல் முறையாகுமா, நாம் வளர்த்த பிள்ளை உயர்வகுப்புக்கென்று கொழும்புக்கோ கண்டிக்கோ சென்றுவிட்டால் அவனிடத்தை யாரைக் கொண்டு நிரப்புவது, நம் அணி எந்தப் பிரிவில் நின்று ஆடுதல் தகும் என்பனவெல்லாம் அங்கே ஆராயப்படும். இவ்வினாக்களுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக வைத்துச் சென்ற ஒரு பெரியாரின் வரலாற்றை இவ்விழா மலரில் எழுதத் துணிந்தோம். அவர் அரசரல்லர், செல்வருமல்லர். நம் கல்லூரி ஆசிரியர்களைப் போன்று வகுப்பறையில் நின்று பாடஞ் சொன்னவர். அவரே ஐதராபாத் சையது அப்துல் ரகீம் ஆவார்.

ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் திகதி ஐதராபாத் நகரிற் பிறந்தார். அக்காலத்தில் அந்நகரம் நிஜாம் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட தனிச் சமஸ்தானத்தின் தலைநகராக விளங்கியது. அங்கு 1918இல் தோற்றுவிக்கப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகம், ஆங்கிலத்தை விடுத்து உருது மொழியிலேயே உயர்கல்வி புகட்டிய சிறப்புடையது. அப்பல்கலைக்கழகத்திற் பயின்று கலைமாணிப் பட்டம் பெற்ற ரகீம், அதன் உதைபந்தாட்ட அணியிலும் இடம்பெற்றார். பின்னர் உள்ளூர்க் கழகங்களிலும் ஆடினார். எனினும், ஆட்டக்காரராகப் பெற்ற பெயரைவிட ஆட்டக்காரரை உருவாக்கியதனாற் பெற்ற பெயரே அவருக்கு நிலைத்தது.

படிப்பு முடித்தவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். நகரத்துப் பாடசாலைகள் சிலவற்றிற் கடமையாற்றிப் பின் உடற்பயிற்சிக் கல்வியிலும் தகைமை பெற்று, அத்துறைப் பொறுப்பினையும் ஏற்றார். 1940களின் முற்பகுதியில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பதவி அவரை வந்தடைந்தது. இறக்கும் வரையில் அப்பணியை அவர் விடவில்லை. பகலில் வகுப்பறை, மாலையில் மைதானம், இரவிற் சங்கக் கடிதங்கள் என்றவாறு அவர் நாட்கள் கழிந்தன.

அவருடைய பயிற்சி முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அந்நாளில் நம் நாடுகளில், பந்தைத் தன் காலிலேயே வைத்துக் கொண்டு நால்வரை ஏய்த்துச் செல்பவனே சிறந்த ஆட்டக்காரனெனக் கருதப்பட்டான். காண்போர் கரகோஷம் செய்வர். ஆயின் அணி தோற்கும். இதனை ஒழிக்க ரகீம் கண்ட வழி புதுமையானது. பந்தைக் கொண்டு ஓடுதல் கூடாது, வந்தவுடன் அடுத்தவனுக்கு அனுப்பிவிடல் வேண்டும் என்னும் விதியோடு அவர் போட்டிகளை நடத்தினார். வலக்காலன் இடக்காலாலும் இடக்காலன் வலக்காலாலுமே உதைக்க வேண்டுமெனத் தனிப் போட்டிகள் வைத்தார். வயதுச் சான்றிதழ்களை நம்புதற்கில்லாத இடத்தில், உயரத்துக்கு எல்லை வகுத்துச் சிறுவர்க்கெனப் போட்டிகள் ஏற்படுத்தினார். இவற்றுக்கெல்லாம் பெரும் பணமோ மேனாட்டுக் கருவிகளோ வேண்டியிருக்கவில்லை. பந்து ஒன்றும், வெளி ஒன்றும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும் போதுமாயினர்.

ஆட்டக்காரரைத் தேடிச் சேர்த்தலிலும் அவருக்கு ஒரு கண் இருந்தது. செக்கந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்திற் பிறந்த துளசிதாஸ் பலராம் என்னும் இளைஞனை அவர் கண்டெடுத்த கதை அங்கே பலரும் அறிந்தது. பயிற்சிக்கு வருமாறு ரகீம் அழைத்தபோது, நெடுந்தூரம் வந்து செல்லக் கையிற் பணமில்லை என அவ்விளைஞன் தயங்கினான். ரகீம் துவிச்சக்கர வண்டி வாடகைக்குரிய காசைத் தாமே கொடுத்து வரச் செய்தார். அந்த வாடகைக் காசின் பயனாக 1956இல் மெல்பேணிலும் 1960இல் றோமாபுரியிலும் ஒலிம்பிக் களத்தில் ஆடிய ஒரு வீரன் இந்தியாவுக்குக் கிடைத்தான். திறமையைக் காண்பது ஒரு பாதி. அத்திறமை மைதானம் வந்து சேரும் வழியைத் திறந்துவிடுவது மறுபாதி.

1950இல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்தில் உதைபந்தாட்டம் பெயரளவில் ஊதியமற்ற விளையாட்டு. ஆதலின் ஏழை ஆட்டக்காரனுக்குப் பொலிஸ் உத்தியோகமோ படைச் சேவையோதான் சோறு போட்டது. அவ்வாறு உத்தியோகம் பெற்று வந்த இளைஞரைக் கொண்டே ரகீம் தம் அணியை அமைத்தார். பம்பாயில் அந்நாளில் நடைபெற்று வந்த றோவர்ஸ் கிண்ணத்தை அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. டூராண்ட் கிண்ணமும் 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் கைக்கு வந்தது.

வெற்றி வந்தால் வேட்டைக்காரரும் வருவர். அந்நாளில் இந்திய உதைபந்தாட்டத்தின் செல்வமும் புகழும் கல்கத்தாவிற் குவிந்திருந்தன. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போட்டிங் ஆகிய மூன்று பெருங் கழகங்களும் ஆண்டுதோறும் வீரரை இழுத்துக் கொள்ளப் போட்டியிட்டன. ஐதராபாத் மண் அவர்களுக்கு வளமான நாற்றுமேடையாயிற்று. பலராம் 1957இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குச் சென்றார். ஐதராபாத்திற் பிறந்து சென்னைப் படைப்பிரிவு அணியிற் புகழ்பெற்ற கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜும் பின்னர் கல்கத்தாவையே அடைந்தார். தங்கராஜ் என்னும் பெயர் எம்மவர் செவிக்கு அந்நியமன்று.

நாற்றைப் பிடுங்கிச் சென்றால் மேடை வெறுமையாகுமன்றோ? ஆயின் ரகீமின் மேடை வெறுமையாகவில்லை. 1957இல் றோவர்ஸ், டூராண்ட் ஆகிய இரு கிண்ணங்களும் மீண்டும் பொலிஸ் அணிக்கே கிடைத்தன. மாகாண அணிகளுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தையும் ஐதராபாத் அடுத்தடுத்து இரு முறை வென்றது. இதற்கிடையில், 1956 நவம்பர் 1ஆம் திகதி இந்திய மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டமையால் ஐதராபாத் என்னும் மாநிலமே மறைந்து ஆந்திரப் பிரதேசம் தோன்றியது. அணியின் பெயரும் ஆந்திரப் பிரதேசப் பொலிஸ் என மாறிற்று. பெயர் மாறியும் ஆட்டம் மாறவில்லை. 1960இல் றோவர்ஸ் கிண்ணமும் 1961இல் டூராண்ட் கிண்ணமும் புதிய பெயருடன் வந்தன. போனவரை எண்ணி வருந்திக் கொண்டிராமல், அடுத்த நாள் மாலை வரிசையில் வந்து நிற்கும் சிறுவனை நோக்கியமையே இதன் இரகசியம் என்பது எம் துணிபு.

இந்தியத் தேசிய அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரை நாடி வந்தது. 1951இல் டில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் மேவாலால் போட்ட கோலினால் இந்தியா ஈரானை 1-0 என வென்று பொற்பதக்கம் பெற்றது. அக்கால இந்திய அணி எம் நாட்டு ரசிகருக்கும் அறிமுகமானது. 1952இல் கொழும்பில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள் பங்குபற்றிய போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்து கொண்டன.

அதே ஆண்டிற் பேரிடியொன்று காத்திருந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. குளிர் மிக்க அந்நாட்டில் இந்திய வீரர் பலர் சப்பாத்தின்றி வெறுங்காலுடனேயே ஆடினர். பின்வரிசையில் இருவரை மட்டும் நிறுத்தும் பழைய முறையும் ஐரோப்பியரின் வேகத்துக்கு முன் சிதறிற்று. அத்தோல்வியின் பின் சப்பாத்து அணிந்தாடல் கட்டாயமாக்கப்பட்டது. ரகீம் தோல்விக்குக் காரணங் கற்பித்துக் கொண்டிருக்கவில்லை. பின்வரிசையை மூவராக்கினார், மத்திய முன்வரிசை வீரரைச் சற்றுப் பின்னே இறக்கி எதிரணியைக் குழப்பும் நவீன முறையைக் கற்பித்தார்.

நான்காண்டுகளில் அதன் பலன் தெரிந்தது. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் இந்தியா, போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவையே 4-2 என வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் ஆட்டமொன்றில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடமும், மூன்றாமிடத்துக்கான ஆட்டத்திற் பல்கேரியாவிடமும் தோற்று இந்தியா நான்காமிடம் பெற்றது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அதனிலும் உயர்ந்த இடத்தை இந்தியா இன்றுவரை எட்டியதில்லை. 1960இல் றோமில் பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டதும் அவர் பயிற்சியின் விளைவே.

ஓர் ஆசிரியரின் நேர்மையை அறிய வேண்டின், தம் பிள்ளையிடத்து அவர் நடந்து கொள்ளும் முறையை நோக்கவேண்டும். ரகீமின் மைந்தர் சையது ஷாகித் ஹக்கீம் திறமைமிக்க ஆட்டக்காரர். றோம் சென்ற அணியில் அவர் இடம்பெற்றிருந்தும், களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1962 ஆசிய விளையாட்டு விழாவுக்கு அணி தெரிந்தபோது, அவ்வேளையில் நன்றாக ஆடிக் கொண்டிருந்த பிரசாந்த சின்காவை ரகீம் தெரிந்தார். மைந்தர் வீட்டில் நின்றார். தந்தை கையில் அதிகாரம் இருந்தும் மகனுக்குச் சலுகை கிடைக்கவில்லை. அணித் தெரிவில் உறவும் ஊரும் தலையிடுவதை எங்கும் காண்கின்ற நாம், இச்செய்தியைச் சற்று நின்று சிந்தித்தல் நன்று.

அந்த 1962 விழா இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. புறப்படும் போதே ரகீமின் நெஞ்சிற் கொடிய புற்றுநோய் குடிகொண்டிருந்தது. முதலாட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. பின் தாய்லாந்தையும் யப்பானையும் வென்றது. தாய்லாந்துடன் ஆடுகையிற் பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கின் தலையிற் காயம்பட்டுத் தையலிட நேர்ந்தது. பிறரெனின் அவரை நிறுத்திவிட்டிருப்பர். ரகீம் அவரை முன்வரிசைக்கு மாற்றி ஆடவிட்டார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்ற இந்தியா, செப்டெம்பர் 4ஆம் திகதி மீண்டும் தென்கொரியாவையே இறுதியாட்டத்திற் சந்தித்தது.

அன்றைய சூழ்நிலை கொடியது. இஸ்ரேலும் தாய்வானும் விழாவில் அனுமதிக்கப்படாமையை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்திருந்தமையால் நகர மக்கள் இந்தியர் மீது சினங்கொண்டிருந்தனர்; இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 1,00,000 பேர் நிறைந்த அரங்கம் இந்தியருக்கு எதிராகக் கூச்சலிட்டது. காய்ச்சலாற் படுத்திருந்த தங்கராஜ் எழுந்து வந்து கோலைக் காத்தார். பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தலையில் தையலுடன் ஆடிய ஜர்னைல் சிங் மற்றொரு கோலும் போட, 2-1 என இந்தியா வென்றது. சூனி கோஸ்வாமி தலைமையில் நின்ற அந்த அணியிற் பலராமும், யூசுப் கானும், தங்கராஜும் ஐதராபாத் தந்த செல்வங்கள்.

அதன்பின் ரகீம் ஒன்பது மாதங்களே வாழ்ந்தார். 1963 யூன் 11ஆம் திகதி, தமது 53ஆம் வயதில் மறைந்தார். அவரோடு ஒரு காலமும் மறைந்தது. 1970இல் பாங்கொக்கில் ஒரு வெண்கலப் பதக்கம் கிடைத்ததன்றி, ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியா பின்னர் ஒரு பதக்கமும் பெறவில்லை. அவர் வரலாறு 2024இல் இந்தித் திரைப்படமாக வெளிவந்தபோது, இந்தியாவிலேயே இளைஞர் பலர் அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டனர்.

இங்கே புகழுரையோடு நின்றுவிடல் எமக்கு உடன்பாடன்று. ஒருவர் மறைந்ததும் ஒரு நாட்டின் ஆட்டமே தளர்ந்ததாயின், அது அவர் பெருமைக்குச் சான்று. பின்வந்தோரின் அசிரத்தைக்கும் சான்று. வீரரைத் தேடியவர்கள் பலர்; ரகீமைப் போன்ற ஆசிரியரைத் தேடி உருவாக்கியவர்கள் சிலர். கனி பறிப்பதிற் காட்டிய ஆர்வத்தை விதையிடுவதிற் காட்டவில்லை.

எம் மலைநாட்டுக்கு இது அயலார் கதையன்று. பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குச் செல்லும் வீதியின் இருபுறத்துத் தோட்டங்களையும் நோக்குக. சமதரை அரிது. பந்து சரிவில் உருண்டால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித் தேடவேண்டும். மூடுபனி இறங்கினால் எதிர்க் கோலும் தெரியாது. எனினும் லயத்து வாசலில் மாலை தோறும் சிறுவர் ஆடுகின்றனர். அவர்களுட் பலராம்கள் இல்லையென்று யாரே துணிந்து சொல்வார்? கல்லூரிக்கு வந்து பயிற்சி பெற பஸ் காசில்லாமையால் எத்தனை பேர் லயத்தோடு நின்றுவிடுகின்றனரோ!

ஆதலின் பழைய மாணவராகிய நாம், வெளியூர் ஆட்டக்காரனைக் கொண்டுவருவது எப்படி என்பதைவிட, நம் ஆசிரியர் ஒருவரைப் பயிற்சி நெறிக்கு அனுப்புவது எப்படி என்று சிந்திப்போமாக. நம் பிள்ளை பெரிய கல்லூரிக்குச் சென்றால் மனமுவந்து வாழ்த்தி அனுப்புவோமாக. அவனிடத்துக்கு வரும் அடுத்த சிறுவனுக்குப் பஸ் காசும் சப்பாத்தும் கொடுப்போமாக. எந்தப் பிரிவில் ஆடுவது என்பதை அதன்பின் ஆராயலாம். ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் துவிச்சக்கர வண்டி வாடகையிலிருந்து தொடங்கினார். நமக்கும் அந்த அளவு முதல் போதும்.