சட்டத்தைப் பண்ணையாளின் வாசலுக்குக் கொண்டு வந்தவர்: பி. சீனிவாச ராவ்

முத்துப்பேட்டையிலிருந்து திருவாரூருக்கோ நாகப்பட்டினத்திற்கோ போகிறவர்கள் திருத்துறைப்பூண்டியைக் கடந்துதான் போக வேண்டும். அந்த ஊரில் பி. சீனிவாச ராவின் நினைவிடம் இருக்கிறது. வட்டாரத்து மக்கள் அவரை பி.எஸ்.ஆர். என்பார்கள். டெல்டாவின் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் இன்றும் சீனிவாச ராவ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கோ அவர் யார் என்றே தெரியாது. அநீதி இழைக்கப்பட்டவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே அறிந்து கேட்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் சான்று அவருடைய வாழ்க்கை. ஆகவே அதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

அவர் 1907-ஆம் ஆண்டு தென் கன்னடப் பகுதியில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தாய்மொழி கன்னடம். விடுதலைப் போராட்டத்தின் அழைப்பைக் கேட்டு கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் கலந்துகொண்டு போலீஸாரின் தடியடிக்கு ஆளானார், சிறையும் சென்றார். தென்னிந்தியாவில் பொதுவுடைமை இயக்கத்திற்கு வித்திட்டவர்களில் ஒருவரான அமீர் ஹைதர் கானின் தொடர்பு அவரை அந்த இயக்கத்தில் சேர்த்தது. அந்த இயக்கத்தின் கொள்கையும் நம்முடைய ஈமானும் வேறு வேறு. ஆனால் மஜ்லூமுக்குத் துணை நின்றவரின் உழைப்பை மதிப்பதற்கு அது தடையாக இருக்கத் தேவையில்லை.

1943-இல் இயக்கம் அவரைத் தஞ்சை மாவட்டத்திற்கு அனுப்பியது. இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களும் அன்று ஒரே மாவட்டம். காவிரித் தண்ணீர் பாய்ந்த நன்செய் நிலத்தின் பெரும்பகுதி மிராசுதாரர்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. நம் சமுதாயத்திலும் நிலபுலம் வைத்திருந்தவர்கள் உண்டு. அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள் இரண்டு வகையினர். குத்தகைக்கோ வாரத்திற்கோ பயிர் செய்தவர்கள் ஒரு வகை. பண்ணையாட்கள் மற்றொரு வகை. இவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள்.

பண்ணையாளின் நிலை என்ன? கல்யாணத்துக்கோ சாவுச் செலவுக்கோ வாங்கிய கடன் அவனை ஒரு மிராசோடு கட்டிப்போட்டது. குடிசை நின்ற மனைகூட மிராசுதாரருடையது. கோபித்துக்கொண்டால் வேலையும் போகும், குடியிருப்பும் போகும். தவறு என்று சொல்லப்பட்டதற்குச் சவுக்கடி கிடைத்தது. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனையும் இருந்தது. பிரிட்டிஷ் அரசின் குற்றவியல் சட்டப்படி இன்னொரு மனிதனை அடிப்பது அன்றும் குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டம் சேரியின் வாசலுக்கு வந்ததே இல்லை. அடிபட்டவனுக்கு அது குற்றம் என்பதே தெரியாது. தெரிந்தாலும், காவல் நிலையம் வரை அவனோடு நடந்து வர ஆள் கிடையாது.

சீனிவாச ராவ் கைவைத்த இடம் இதுதான். தமிழைப் பழகிக்கொண்டு சேரிக் குடிசைகளிலேயே தங்கினார். அவர்கள் உண்டதை உண்டார். வரப்பு வழியாக ஊர் ஊராக நடந்தார். மன்னார்குடி வட்டாரத்துத் தென்பரையில் 1943-இல் விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளை உருவானது. அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது, ஒருவனுக்கு விழும் அடி ஊருக்கே விழுந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் ஊர்தோறும் சொன்ன பாடம்.

சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். கூலி நெல்லை அரசு முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பது அது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மிராசுதாரர் வீட்டு மரக்கால் சிறியதாக இருந்தால், ஒவ்வொரு நாளும் பண்ணையாளின் அடுப்பில் ஒரு பிடி அரிசி குறையும். அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களின் பெயராலேயே திருக்குர்ஆனில் ஒரு சூரா இருக்கிறது, சூரத்துல் முதஃப்ஃபிஃபீன். அளவையில் செய்யும் மோசடி அல்லாஹ்விடம் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே ஓதுகிறார்கள். தஞ்சையின் கூலியாட்கள் அன்று கேட்டது வேறொன்றுமில்லை, நேரான மரக்காலைத்தான்.

1944-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மிராசுதாரர்களும் சங்கத்தாரும் அதிகாரிகள் முன்னிலையில் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டனர். சவுக்கடியும் சாணிப்பாலும் அதில் ஒழிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வழக்கம் என்று சொல்லப்பட்டது, கூடாது என்று தாளில் எழுதப்பட்டது. பண்ணையாளின் பிரதிநிதி மிராசுதாரருக்கு எதிரே உட்கார்ந்து பேசியதும் அந்த மண்ணுக்குப் புதிது. எழுதப்பட்ட சொல்லுக்கு உள்ள பலம் நமக்குத் தெரியாததல்ல. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைப்பதைப் பற்றியது. பலவீனரின் உரிமை வாய்ச்சொல்லில் மட்டும் நின்றால், பலசாலி மறுக்கும் அன்றைக்கே அது கரைந்துவிடும்.

இந்த வழியில் உயிர்கள் பல போயின. சங்கத்தின் தாழ்த்தப்பட்ட தலைவர்களில் ஒருவரான களப்பாள் குப்பு 1948-இல் திருச்சி சிறையில் இறந்தார். முத்துப்பேட்டை தர்கா அமைந்துள்ள ஜாம்புவானோடையைச் சேர்ந்த சிவராமனும், வாட்டாக்குடி இரணியனும் 1950-இல் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சீனிவாச ராவ் அந்த ஆண்டுகளில் தலைமறைவாக இருந்து இயங்கினார். இதற்கிடையே 1948-இல் மாயவரத்தில் ஏற்பட்ட கூலி ஒப்பந்தம் பிற்காலச் சட்டத்திற்கு ஒரு படியாக அமைந்தது.

1952 தேர்தலில் தஞ்சையின் உழைப்பாளர்கள் வாக்குச்சீட்டால் தங்கள் குரலைக் கேட்க வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று, ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் அது சட்டமாகவும் நிறைவேறியது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, மேல் நன்செய் வைத்திருந்தவர்களைக் குறிவைத்தே அது இயற்றப்பட்டது. காரணமில்லாமல் பண்ணையாளை நீக்க முடியாது. நீக்கினால் சமரச அதிகாரியிடம் முறையிடலாம். அதற்கு மேலே வருவாய் நீதிமன்றம். குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. அதுவரை பல இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான்.

சட்டம் வந்ததோடு வேலை முடிந்ததா? உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. பண்ணையாள் என்று ஒருவன் இருந்தால்தானே பாதுகாப்பு? நில உடைமையாளர்கள் பலர் நிரந்தரப் பண்ணையாட்களைக் கைவிட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் வைக்கும் முறைக்கு மாறினார்கள். எழுத்தில்லாத குத்தகையில் நிலம் உழுதவர், தாம் குத்தகைதாரர் என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. அதிகாரி முன் போய் நிற்க, மனு எழுத, சாட்சி சொல்லப் பயப்படாமல் இருக்க அவர்களுக்குத் துணை தேவைப்பட்டது. சங்கம் இருந்த கிராமத்தில் சட்டத்திற்கு உயிர் இருந்தது. சங்கம் இல்லாத கிராமத்தில் அது அரசிதழோடு நின்றது. தஞ்சை மாவட்டம் நமக்குச் சொல்லும் பெரிய படிப்பினை இதுவே.

1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் நியாய வாரச் சட்டமும் மாநிலம் முழுமைக்கும் வந்தன. நன்செயில் விளைச்சலில் 40 சதவீதம்தான் நிலச் சொந்தக்காரருக்கு, மீதி பயிரிடுகிறவருக்கு என்று நிலைமை தலைகீழானது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்துவிட்டு, விதிவிலக்குகள் என்ற பெயரில் பல கதவுகளைத் திறந்து வைத்தது அது. அதைத் திருத்தக் கோரிய கிளர்ச்சியில் சீனிவாச ராவ் ஓய்வில்லாமல் அலைந்தார். உடல் தாங்கவில்லை. 1961 செப்டம்பர் 30 அன்று காலமானார். வயது 54. உழுதவர்களின் நிலத்துக்காக வாழ்நாளைக் கொடுத்தவர் தமக்கென்று நிலம் எதையும் சேர்க்கவில்லை.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வும் சங்கமும்தான் அங்கே பிரச்சினை. குற்றம் சாட்டப்பட்ட நில உடைமையாளர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஏட்டில் சட்டம் இருப்பதும் நீதி கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம். ஆயினும் 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருந்தவர்களுக்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. கோபித்துக்கொண்டால் குடிசையைக் காலி செய் என்ற மிரட்டலுக்கு அந்த இரண்டாவது சட்டம் முடிவு கட்டியது.

இந்த வாழ்க்கையிலிருந்து நம் ஜமாஅத்துகள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. இன்று இலவச சட்ட உதவி என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மக்களின் உரிமை. வட்ட அளவிலேயே சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். படித்த இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று, சட்டத் தன்னார்வலர்களாக ஊருக்கு உதவலாம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விதவையின் வாரிசுரிமை, கணவர் தராத ஜீவனாம்சம், வளைகுடாவில் நிலுவையில் நிற்கும் சம்பளம், வக்ஃபு நிலத்தின் குத்தகை என்று எத்தனை ஹக்குகள் தெரியாமையால் மட்டுமே பறிபோகின்றன!

பள்ளிவாசல் அலுவலகத்தில் வாரத்தில் ஒரு நாள், மனு எழுதிக் கொடுக்கவும் அலுவலகத்துக்கு உடன் போகவும் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். கேட்டு வருபவர் முஸ்லிமா, மாற்று மதத்தவரா என்று பார்க்க வேண்டியதில்லை. கூடவே நம் கணக்கையும் நாம் சரிபார்க்க வேண்டும். நம் வயலில் நடவு நட்டவருக்கும், நம் கடையில் நிற்பவருக்கும், நம் வீட்டில் வேலை செய்பவருக்கும் நாம் அளக்கும் மரக்கால் முத்திரை மரக்கால்தானா? பிறர் உரிமையைப் பேசுவதற்கு முன் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அளவையில் நேர்மையையும், அநீதி இழைக்கப்பட்டவரோடு நடந்து போகும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.