ஜூலியா கமரன்: ஒரு பக்கத்து வெளிச்சம்

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தைச் சாதாரண தரப் பரீட்சைக்காகப் பாடமாக்கியவர்கள் நாங்கள். 1833இல் கண்டியையும் கரையோரத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து, இலங்கையை ஐந்து மாகாணங்களாக்கிய அறிக்கை அது. இன்றைய ஒற்றையாட்சியின் வேரை அங்கே தேடுபவர்கள் நம்மிடையே பலர். ஆனால், அந்தக் கமரனின் மனைவி உலகின் பெரிய முகப்படக் கலைஞர்களில் ஒருவர் என்பதை எனக்குப் பாடசாலையில் யாரும் சொல்லவில்லை. ஊடகக் கற்கைகள் படிக்கும்போது, முகத்துக்கு எப்படி வெளிச்சம் வைப்பது என்று தேடிப்போய்த்தான் அவரிடம் வந்து சேர்ந்தேன்.

ஜூலியா மார்கரெட் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர், தாயார் பிரெஞ்சு வழி. 1838இல், தன்னைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். பத்து வருடம் கழித்துக் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. மலைநாட்டில் கணவர் வாங்கிய கோப்பித் தோட்டங்கள் மட்டும் இலங்கையோடு அவர்களைக் கட்டிவைத்திருந்தன.

1863 டிசம்பரில், தனிமையில் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமெராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. வைட் தீவில் இருந்த வீட்டின் கோழிக்கூடு கண்ணாடி அறையானது. நிலக்கரி போட்டுவைத்த அறை இருட்டறையானது. கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டிய காலம். முன்னால் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஒரே மாதத்துக்குள், தன் முதல் வெற்றி என்று அவரே கருதிய சிறுமியின் படம் கிடைத்துவிட்டது.

அந்தக் காலத்து ஸ்ரூடியோக்களில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். பின்னால் வரைந்த திரை, முன்னால் முழு உருவம். ஜூலியா திரைச்சீலைகளால் வெளிச்சத்தை அடைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் திறந்துவிட்டார். ஒரு கன்னம் துலங்க, மறு கன்னம் இருளுக்குள் போனது. 1867இல் வானியலாளர் ஜோன் ஹேர்ஷலைப் படமெடுத்தபோது, அவரது நரைமுடியைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தார், ஒளி அதில் பிடிக்கட்டும் என்று. உடம்பைக் கருந்துணி மூடியது. மிஞ்சியது முகம் மட்டும். தெளிவில்லை, தட்டில் கைவிரல் அடையாளம் இருக்கிறது என்று அன்றைய புகைப்பட விமர்சகர்கள் குறைசொன்னார்கள். அவர் தன் வழியிலேயே போனார்.

பிளாஷ் அவரிடம் இல்லை. ஆனாலும், கமெராவின் தலையிலிருந்து பிளாஷைக் கழற்றப் பழகும் எவரும் முதலில் பார்க்க வேண்டியவை அவருடைய படங்கள்தான் என்பேன். கமெராவின் மேலிருந்து நேரே அடிக்கும் பிளாஷ் மூக்கையும் கன்னத்தையும் ஒரே தட்டையாக்கிவிடும்; அடையாள அட்டைப் படம் போல. அதைக் கழற்றி, ஒரு தாங்கியில் பூட்டி, ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் முகத்தில் மேடுபள்ளம் வரும். வெள்ளைக் குடை ஒன்று போதும், நிழலின் ஓரம் மெத்தென்று ஆகிவிடும். பிளாஷின் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும். ஆகவே, பிளாஷை முகத்துக்குக் கிட்டவும் ஆளைச் சுவரிலிருந்து தள்ளியும் வைத்தால், பின்புறம் தானாகவே இருண்டுவிடும். ஜூலியாவுக்குக் கருந்துணி செய்த வேலை அது.

எங்கள் ஊர்களில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 தொடக்கம் வீதியோரக் கொட்டகைகளில் இருந்துவந்த அம்மாமாரின் கையில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் லமினேற் செய்த படம் இருக்கும். பலவும் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தவை. நேரே பிளாஷ் அடித்தால் அந்தப் பளபளப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பி, பிள்ளையின் முகம் இருக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளிதான் விழும். பிளாஷைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால், திரும்பும் ஒளி கமெராவுக்கு வராமல் மறுபக்கம் போய்விடும். தாயும் பிள்ளையும் இருவருமே தெரிவார்கள். என் படங்களை நான் இப்போது இப்படித்தான் எடுக்கிறேன்.

1875இல் கமரன் தம்பதியினர் இலங்கைக்கு வந்தார்கள். கூடவே தங்கள் சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள் என்பது பிரபலமான கதை. மகன் ஒருவர் இங்கே அரச உத்தியோகத்தில் இருந்தார். களுத்துறையில் வீடு. கோப்பியை இலைநோய் தின்னத் தொடங்கியிருந்த காலம். இந்த வெக்கையில் ஈரத்தட்டு வேகமாகக் காய்ந்துவிடும். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் படமெடுத்தவரின் இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

அவற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நெருடல். வெளிச்சத்தில் அதே கவனம்தான். ஆனால், இங்கிலாந்தில் அவருக்காக மாதாவாக வேடமிட்டு நின்ற வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மேரி ஹில்லியர் என்று பெயர் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் களுத்துறைக் குடியானவர்கள், இலங்கைப் பெண் என்ற அளவுதான். கமரன் குடும்பம் பிழைத்த மலைநாட்டுக் கோப்பி, தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கூட்டிவரப்பட்ட தமிழர்களின் உழைப்பு. தன் எதிரே நின்ற அந்த நாட்டு மனிதர்களின் பெயரைக் கேட்டு எழுதிவைக்க ஜூலியாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவரை நான் மதிக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கொட்டகையில் படமெடுத்தால் தாயின் பெயரையும் பிள்ளையின் பெயரையும், எந்த எழுத்து, எந்தக் கொம்பு என்று கேட்டு எழுதிய பிறகே பிளாஷை மடக்குகிறேன்.

1878இல் ஒருமுறை இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பினார். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவில் உயிர் பிரிந்தது. பொகவந்தலாவ புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் சார்ள்ஸ் கமரனும் அங்கேயே வந்து சேர்ந்தார். இன்று சுற்றிவர நிற்பது கோப்பியல்ல, தேயிலை.